ஜகார்த்தாவா, லண்டனா: வெளிநாட்டுச் சந்தைகளில் வங்கி வேலை பற்றி

கேள்வி இதுதான்: “அக்கா, எனக்கு வயது 30. சிங்கப்பூர் மரினா பேயில் ஒரு வங்கியில் ஆறு ஆண்டுகளாகக் கடன் ஆய்வாளராக இருக்கிறேன். இப்போது இரண்டு வாய்ப்பு வந்திருக்கிறது. ஒன்று, லண்டனில் வளரும் நாடுகளின் கடன் பத்திரங்களைப் பார்க்கும் குழு. இன்னொன்று, ஜகார்த்தா கிளையில் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் வேலை, இரண்டு ஆண்டு. மகளுக்கு மூன்று வயது. கணவர் எதற்கும் சரி என்கிறார், அம்மா எதற்கும் வேண்டாம் என்கிறார். இந்தத் துறையில் மேலே வர எது உதவும்?”

ஜகார்த்தாவுக்குப் போங்கள். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு ஆண்டு கேளுங்கள், மூன்றரைக்குக் கீழே இறங்காதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நான் 1991-இல் சிங்கப்பூரில் ஒரு வெளிநாட்டு வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தேன். 1996-இல் ஜகார்த்தா, அப்புறம் மும்பை, ஹோ சி மின் நகரம், கொழும்பு. கடைசி எட்டு ஆண்டுகள் இங்கே கடன் ஒப்புதல் குழுவில் இருந்தேன். சொல்வதெல்லாம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தவை. பங்குச் சந்தை, முதலீட்டு நிதி பக்கம் வேலை செய்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எமர்ஜிங் மார்க்கெட்’, அதாவது வளரும் சந்தை, என்ற சொல்லை 1981-இல் உருவாக்கியவர் அன்டோயின் வான் அக்ட்மேல். உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சியில் (சர்வதேச நிதிக் கழகம்) இருந்தார். ‘மூன்றாம் உலகப் பங்கு நிதி’ என்ற பெயரில் பணம் திரட்டப் பார்த்தபோது, அந்தப் பெயரைக் கேட்டு யாரும் பணம் போட மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் புதுச் சொல்லைத் தேடினார். ஆக, அது முதலீட்டாளரைக் கவர்வதற்காக வந்த பெயர். தாய்லாந்தும் நைஜீரியாவும் பிரேசிலும் ஒரே கூடையில் இருப்பதால் ஒரே மாதிரி நாடுகள் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் மேசையில் அந்தக் கூடையைத்தான் பார்ப்பீர்கள். ஜகார்த்தாவில் ஒரு நாட்டைப் பார்ப்பீர்கள்.

நம்மவர்களுக்கு இந்தத் தொழில் புதிதும் இல்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மதியம் சாப்பிடப் போயிருப்பீர்கள். அந்தத் தெருவில்தான் நகரத்தார், அதாவது செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், ஒவ்வொரு கடைக்காரரும் தரையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அந்தப் பெட்டிதான் அவருடைய வங்கி. சீன வியாபாரிக்கும் மலாய் நில உடைமையாளருக்கும் ஆங்கிலேய வங்கி கொடுக்காத கடனை அவர்கள் கொடுத்தார்கள். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-இல் கட்டியவர்களும் அவர்களே. இப்போது கிட்டங்கிகள் இல்லை, வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் அவர்கள் ஆள் அனுப்பிய முறையை இன்றைக்கும் ஒவ்வொரு வங்கியும் படிக்கலாம்.

பையன் முதலில் பெட்டியடிப் பையனாக வருவான். எடுபிடி வேலையோடு கணக்கெழுதக் கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள், பிறகு மேலாள். ஊரில் இருக்கும் முதலாளி ஏஜெண்டை மூன்று ஆண்டுத் தவணையில் அனுப்புவார். திரும்பும்போது ஐந்தொகை (சொத்து, கடன் நிலைக் கணக்கு) எடுத்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணக்கு. எவ்வளவு கடன் கொடுத்தான் என்பதைவிட எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான் கேள்வி. நம் காலத்து வங்கிகளில் பல இடங்களில் இது தலைகீழாகிவிட்டது. கடன் கொடுத்த ஆண்டே போனஸ் வாங்கிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். ஐந்தாண்டுக் கடன், இரண்டாண்டு போஸ்டிங். கடன் கெட்டுப்போகும்போது அதைக் கொடுத்தவர் துபாயிலோ ஹாங்காங்கிலோ வேறு வேலையில் இருப்பார். நீங்கள் நான்கு ஆண்டு கேட்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நகரத்தார் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். பர்மாவில் 1930 வாக்கில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ஏறக்குறைய 75 கோடி ரூபாய் புழங்கியது என்று அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. ஐராவதிச் சமவெளி நெல் வயலானதற்குப் பின்னால் இந்தப் பணம் இருந்தது. பிறகு உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காட்டு நிலம் அவர்களிடம் இருந்தது. 1930-களின் இறுதியில் அது 25 விழுக்காடு. காகிதத்தில் பார்த்தால் பிணை முழுதாக இருக்கிறது. ஆனால் அந்நிய நாட்டில், கோபத்தில் இருக்கும் மக்களுக்கு நடுவே, கால்வாசி நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்க ஆளில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது கால்நடையாகவே ஓடி வந்தவர்கள் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் தேசியமயமானது; 1963-இல் வங்கிகளும் தேசியமயமாயின.

இதை நான் வரலாற்றுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கடன் ஒப்புதல் குழுவில் ‘நில அடமானம் கடனைப்போல ஒன்றரை மடங்கு இருக்கிறது’ என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு ஐராவதி நினைவுக்கு வரும். யாருக்கு விற்பீர்கள், எந்த நீதிமன்றம் உத்தரவு தரும், விற்ற பணம் எந்த நாணயத்தில் இருக்கும், அது நாட்டை விட்டு வெளியே வருமா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்தவர்தான் வளரும் சந்தைகளில் நல்ல வங்கியாளர். நான்கையும் மரினா பேயில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

என் ஜகார்த்தா அனுபவத்தைச் சொல்கிறேன். நான் போனபோது எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஃபைல்களில் ஒன்று, ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் தாங்கெராங்கில் ஒரு தரை ஓடு தொழிற்சாலை. டாலர் கடன். ஓடுகளில் பெரும்பகுதி உள்ளூரில் விற்றது, அதாவது வருமானம் ரூப்பியாவில். ஏன் டாலரில் கடன் வாங்கினார்கள் என்றால், ரூப்பியா வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. மத்திய வங்கி ரூப்பியாவை ஆண்டுக்கு நான்கைந்து விழுக்காடு மட்டும் மெல்ல மெல்ல இறக்கிவந்தது. பத்து ஆண்டுகளாக அப்படித்தான். அதனால் ‘நாணயப் பாதுகாப்பு தேவையில்லை’ என்று ஃபைலில் எழுதியிருந்தது. 1997 மார்ச்சில் ஆண்டு மறுபரிசீலனையில் நானும் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மோசமான கையெழுத்து அது.

1997 ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டது. ஆகஸ்ட் 14-ஆம் தேதி இந்தோனேசியா. ஒரு டாலருக்கு 2,400 ரூப்பியாவாக இருந்தது 1998 ஜனவரியில் 15,000-ஐத் தாண்டியது. இதைக் கணக்காகப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி டாலர் கடன். முதலில் அது 2,400 கோடி ரூப்பியா. ஆறு மாதத்தில் 15,000 கோடி. அதே தொழிற்சாலை, அதே ஆட்கள், அதே ஓடு. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை. நிறுவனம் மட்டும் மூழ்கிவிட்டது. பொருளியலாளர்கள் இதை ‘ஆதி பாவம்’ என்கிறார்கள்: தன் சொந்த நாணயத்தில் வெளிநாட்டிலிருந்து கடன் வாங்க முடியாத நாட்டின் நிலை.

அப்போது ஜப்பானுக்கு வெளியே ஆசியாவின் பெரிய முதலீட்டு வங்கியாகப் பேசப்பட்டது ஹாங்காங்கின் பெரெகிரின். 1998 ஜனவரியில் விழுந்தது. காரணங்களில் பெரியது, ஸ்டெடி சேஃப் என்ற ஜகார்த்தா டாக்சி, பஸ் நிறுவனத்துக்குக் கொடுத்த சுமார் 26 கோடி டாலர். டாக்சிக் கட்டணம் ரூப்பியாவில் வருகிறது. அதை வைத்து டாலர் கடனை எப்படிக் கட்டுவது? ஜகார்த்தாவில் ஒரு டாக்சியில் ஏறி மீட்டரைப் பார்த்தவருக்கே எழ வேண்டிய கேள்வி. கெட்டிக்காரர்கள் நிறைந்த ஒரு வங்கி அதைக் கேட்கவில்லை. தூரத்தில் இருந்தால் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு இருந்தாலும் கண் மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1998 மே 12-ஆம் தேதி திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் நகரம் எரிந்தது. சீனர்களின் கடைகளும் வீடுகளும் குறிவைக்கப்பட்டன. நானும் கணவரும் இரண்டு வயது மகனோடு விமான நிலையத்துக்குப் போன அந்தக் காலையில் சாலையோரம் கருகிய கார்கள் வரிசையாக நின்றன. என் உதவியாளர் சீனப் பெண். அவருடைய குடும்பம் எங்களுக்கு முன்பே சிங்கப்பூர் வந்து ஈசூனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தது. மே 21-இல் சுகார்த்தோ பதவி விலகினார். ஜூலையில் நான் மட்டும் திரும்பினேன். வங்கி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஃபைல்களில் என் கையெழுத்து இருந்தது. வேறொருவர் போய் என் கடனை வசூல் செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் கற்றதுதான் என் தொழில். அதற்கு முன் இருந்ததெல்லாம் பாடப் புத்தகம். ஓட்டுச் சூளையை அணைக்கக் கூடாது. அணைத்துவிட்டால் மறுபடி சூடேற்றுவது பெரும் செலவு, செங்கல் சுவரும் வெடித்துவிடும். அதனால் நான் முதலாளியின் அறைக்குப் போவதற்கு முன் புகைபோக்கியைப் பார்ப்பேன். மூன்றில் எத்தனை புகைகிறது? வாசல் காவலாளியிடம் நேற்று எத்தனை லாரி போனது என்று கேட்பேன். மின்கட்டண ரசீதை வாங்கிப் பார்ப்பேன். கிடங்கில் அட்டைப்பெட்டிகள் மேல் எவ்வளவு தூசு? தணிக்கை செய்த ஐந்தொகை ஆறு மாதம் கழித்து வரும். மின்கட்டண ரசீது மாதாமாதம் வரும், அதில் பொய் எழுதவும் முடியாது.

சரி, அந்த முதலாளி என்ன செய்தார்? அவர் ஓடவில்லை. ரூப்பியா விழுந்ததும் அவருடைய ஓடு வெளிநாட்டில் மலிவாகிவிட்டது. மெல்ல ஏற்றுமதியைப் பிடித்தார், டாலர் வர ஆரம்பித்தது. கடனைப் பிரித்தோம்: ஏற்றுமதியால் தாங்கக்கூடிய அளவு டாலரில், மீதி ரூப்பியாவில், நீண்ட தவணையில். கொடுத்ததில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு திரும்பியது. அந்தக் காலத்து ஜகார்த்தாவில் அது நல்ல வசூல். பக்கத்து ஃபைலில் இருந்த ஒரு நிறுவனத்தின் முதலாளி, எங்களிடம் ‘பணமே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு, வேறொருவர் பெயரில் தன் கடனையே தள்ளுபடி விலைக்கு வாங்கப் பார்த்தார். இரண்டு பேருடைய ஐந்தொகையும் 1996-இல் ஒரே மாதிரி அழகாக இருந்தது. ஆளைத் தெரிந்துகொள்ளக் காலம் வேண்டும், அவர் கஷ்டப்படும் காலத்தில் அருகில் இருக்க வேண்டும். திவாலாகிவிட்டேன் என்று அறிவிப்பவனை நம் ஊரில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்பார்கள். அந்தக் கடுதாசியைக் கொடுக்க வழி இருந்தும் கொடுக்காமல் தவணை கேட்டு வந்து நிற்கும் ஆளை அடையாளம் காண்பதுதான் கடன் கொடுப்பவரின் கலை.

சட்டம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வாளர்கள் இதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுகிறார்கள். இந்தோனேசியாவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அந்நாட்டு நிறுவனங்கள் செய்யும் ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஓர் அமெரிக்க நிறுவனம் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய கடன் ஒப்பந்தத்தை 2013-இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் 2015-இல் அதை உறுதிசெய்தது. கடன் வாங்கியவரே அந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குப் போட்டார். 2002-இல் இன்னொன்று: நல்ல நிலையில் இருந்த மனுலைஃப் காப்புறுதி நிறுவனத்தின் இந்தோனேசியக் கிளை நிறுவனத்தை, ஓர் ஆண்டு ஈவுத்தொகை தரவில்லை என்ற வழக்கில் வணிக நீதிமன்றம் திவால் என்று அறிவித்தது. உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்துசெய்தது, ஆனால் அந்தச் சில வாரங்கள் ஜகார்த்தாவில் இருந்த எந்த வெளிநாட்டு வங்கியாளரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. வியட்நாமில் நில உரிமை தனியாருக்கு இல்லை, பயன்பாட்டு உரிமை மட்டும்தான். அதையும் நிறுவனங்கள் அங்கே உரிமம் பெற்ற வங்கிக்குத்தான் அடமானம் வைக்கலாம். சிங்கப்பூரிலிருந்து கடன் கொடுக்கும் வங்கியால் நேராக எடுக்க முடியாது. இவை ஒவ்வொன்றும் ஒரு கடனை உயிரோடு வைக்கும் அல்லது கொல்லும்.

நாணயம் வெளியே வருமா என்பது கடைசிக் கேள்வி. அதைச் சிங்கப்பூரர்கள் சொந்தக் காசிலேயே கற்றிருக்கிறார்கள். 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து, மறுநாள் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தது. அதோடு சிங்கப்பூரில் ‘கிளோப்’ என்ற சந்தையில் வாங்கி விற்ற மலேசியப் பங்குகள் முடங்கின. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். என் தாய்மாமா ஓய்வுக்காலப் பணத்தை அதில் போட்டிருந்தார். பங்கு இருந்தது, விலை இருந்தது, விற்க வழி இல்லை. 2000-இல்தான் தீர்வு வந்தது. எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2022 செப்டம்பரில் நைஜீரியாவுக்குப் பறப்பதை நிறுத்தியதும் இதே காரணத்தால்தான். டிக்கெட் விற்றது, பணமும் வந்தது, அந்த நைரா நாணயத்தை டாலராக்கி வெளியே கொண்டுவர முடியவில்லை.

உங்கள் கருவூலத் துறை நண்பர்கள் ‘என்டிஎஃப் வாங்கிவிடலாம்’ என்பார்கள். சிங்கப்பூர் அதற்குப் பெரிய சந்தை. ரூப்பியாவைக் கைமாற்றாமலே, விலை வித்தியாசத்தை மட்டும் டாலரில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. விலை விழும் அபாயத்தை அது மூடும். கதவு சாத்தப்படும் அபாயத்தை மூடாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒப்புதல் கேட்டு வந்த ஃபைல்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கொழும்பு எனக்கு வேறு வகையில் வலித்தது. அங்கே வேலை செய்தபோது தமிழில் பேசி வாடிக்கையாளர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. டாலருக்கு 200 ரூபாய்போல இருந்தது சில வாரங்களில் 360 பக்கம் போனது. நான் அப்போது சிங்கப்பூரில் குழுவில் இருந்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, சரக்குக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, பணம் ரூபாயில் இருக்கிறது, எந்த வங்கியிலும் டாலர் இல்லை என்றார். முப்பது ஆண்டு ஒருநாள்கூடத் தவணை தவறாத மனிதர். நாட்டின் தவற்றுக்கு நல்ல கடன்காரர் பலியாவதைப் பார்ப்பது இந்த வேலையின் கனமான பகுதி. அவருக்கு நாங்கள் காலம் கொடுத்தோம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததால்தான் குழுவில் எழுந்து பேச முடிந்தது.

இப்போது லண்டன். அதைத் தாழ்த்திச் சொல்லவில்லை. கடன் பத்திரம் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே விற்கலாம், அது ஒரு கலை, அதில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்றுவிட்டு வெளியேற முடிகிற இடத்தில் முதலில் பழகியவருக்கு, விற்க முடியாத கடனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பொறுமை பிறகு வருவது கடினம். ஜகார்த்தாவில் தொடங்கி 35-இல் லண்டனுக்குப் போனால் அங்கே உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். மேலே வருவது பற்றிக் கேட்டீர்கள். டிபிஎஸ் வங்கியை 2009 முதல் 2025 வரை நடத்திய பியூஷ் குப்தா 1982-இல் இந்தியாவில் சிட்டிபேங்கில் சேர்ந்து, இந்தோனேசியா, மலேசியா என்று நாடு நாடாக வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

ஒரு எச்சரிக்கை. எந்தப் பதவி கொடுத்தாலும், கடன் கொடுப்பதும் பணத்தை விடுவிப்பதும் ஒரே ஆள் கையில் இருக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறிய கிளைகளில் ‘ஆள் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். 1995-இல் நம் ஊரிலேயே பேரிங்ஸ் வங்கியில் வேலை பார்த்த நிக் லீசன் வியாபாரத்தையும் அதைச் சரிபார்க்கும் பின்அலுவலகத்தையும் ஒன்றாகக் கையில் வைத்திருந்ததால்தான் 88888 என்ற கணக்கில் நட்டத்தை ஒளிக்க முடிந்தது. 82 கோடி பவுண்டுக்கு மேல் போய், பேரிங்ஸ் வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதேபோல் அன்பளிப்பு. ஹரி ராயாவுக்குக் கூடை நிறைய வரும். அலுவலகத்துக்குக் கொடுத்துப் பதிவுசெய்துவிடுங்கள். சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் குடிமக்கள் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் பொருந்தும். ‘இந்த ஊர் வழக்கம்’ என்பது இங்கே நீதிமன்றத்தில் பதில் ஆகாது.

ஒப்பந்த விஷயங்கள் சுருக்கமாக. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியிலா, அமெரிக்க டாலரிலா, ரூப்பியாவிலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மேலே எழுதியதையெல்லாம் படித்த பிறகு ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் காலத்துக்கு முதலாளி மசே நிதி (மத்திய சேம நிதி) கட்டுவது கட்டாயம் இல்லை. பேசி வாங்கினால்தான் கிடைக்கும், பலர் இதைக் கவனிக்காமல் நான்கு ஆண்டு விட்டுவிடுகிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியவில்லை என்றால் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது, அதையும் கணக்கில் சேருங்கள். மகள் என்பதால் உங்களுக்கு ஒரு கவலை குறைவு. என் மகனுக்கு 13 வயதானபோது ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்காக, வெளிநாட்டில் தங்க எக்சிட் பர்மிட்டுக்கு மனுச் செய்ய வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது எந்த வேலை என்பதையும் இப்போதே கேளுங்கள். வாய்வார்த்தை கொடுத்த மேலாளர் நான்கு ஆண்டில் வேறு வங்கியில் இருப்பார்.

இந்தோனேசிய மொழியை முதல் மாதமே தொடங்குங்கள். உங்களுக்குப் பள்ளியில் கேட்ட மலாய் கொஞ்சம் இருக்கும், அது போதாது. வாடிக்கையாளர் தன் கணக்காளரிடம் பாதி வாக்கியத்தில் என்ன சொல்கிறார் என்று புரியத் தொடங்கும் நாளில்தான் உங்கள் வேலை ஆரம்பம். எனக்கு அதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது. இரண்டு ஆண்டில் திரும்பியிருந்தால் ஆறு மாதம்தான் வேலை செய்திருப்பேன்.

அம்மாவைப் பற்றி. என் அம்மாவும் வேண்டாம் என்றார். 1998-இல் சாங்கி விமான நிலையத்தில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, மகனை மட்டும் வாங்கிக்கொண்டார். ஜூலையில் நான் திரும்பிப் போனபோது அவரும் கணவரும்தான் அவனைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு ஆண்டு நான் இழந்ததை எந்தப் பதவியும் ஈடுசெய்யவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவன் தமிழ் பேசக் கற்றது என்னிடம் இல்லை, பாட்டியிடம். பிறகு மும்பையிலும் ஹோ சி மின்னிலும் வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். திரும்பி வந்து இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது தாய்மொழிப் பாடத்தில் விலக்கு கேட்கத் தேவைப்படவில்லை. ஜகார்த்தா இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு. உங்கள் மகளுக்கு மூன்று வயது, பள்ளிக்கு இன்னும் காலம் இருக்கிறது. அம்மாவை முதல் ஆறு மாதத்திலேயே வரவழைத்து வீட்டையும் ஊரையும் காட்டுங்கள். 1998-ஐச் செய்தியில் பார்த்த தலைமுறைக்கு அந்த ஊர் என்றால் இன்றும் அந்தப் புகைதான் கண்ணில் நிற்கும்.

திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்கும்போது சம்பளப் பேச்சுக்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். நான் யாரிடமிருந்து ஃபைல்களை வாங்குகிறேன், அவர் இப்போது எங்கே இருக்கிறார், அவரோடு ஒரு மாதம் சேர்ந்து வேலை பார்க்க முடியுமா? அடுத்து, கண்காணிப்பில் இருக்கும் கடன்களின் பட்டியலைப் போவதற்கு முன்பே பார்க்க முடியுமா? இரண்டாவதற்குத் தயங்கினார்கள் என்றால் அந்தப் பட்டியல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பட்டியலில் முதலில் இருக்கும் நிறுவனம் எதுவோ, இறங்கிய வாரமே அதன் தொழிற்சாலைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். முதலாளியைப் பார்க்கும் முன் வாசலில் காவலாளியிடம் கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள்.